யாரை நோக்கிப் பாடினார்கள்? மலையகத்தின் முதற்கவிஞர் பற்றி

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவி ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். இலங்கை மலையகத்தின் முதற்கவிஞர் என்று ஒரு கட்டுரை அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரையும் மற்றொரு கட்டுரை சி.வி. வேலுப்பிள்ளையையும் குறிப்பிடுகின்றன, இருவரில் யாரைக் கொள்வது என்பது முதற்கேள்வி. சி.வி. தம்முடைய பெயர்பெற்ற கவிதையை ஆங்கிலத்தில் எழுதியவராயிற்றே, அவரை எவ்வாறு தமிழ்க் கவிஞர் வரிசையில் வைப்பது என்பது இரண்டாவது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழும் தம் அம்மாயிக்கு, அதாவது தாயைப் பெற்ற பாட்டிக்கு, பழைய பாட்டுகள் பல தெரியும் என்றும், அவற்றைத் தம் ஆய்வேட்டில் சேர்த்தால் அது கவிஞர் வரலாற்றில் அடங்குமா, நாட்டாரியலில் அடங்குமா என்றும் மூன்றாவதாகக் கேட்கிறார். ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றவற்றையும் தொட்டுவிடுவதால் மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கால வரிசையை மட்டும் பார்த்தால் அருள்வாக்கியும் முதல்வர் அல்லர், சி.வி.யும் முதல்வர் அல்லர். ஆனால் கால வரிசை இங்கே அதிகம் உதவாது. மலையகம் என்ற சொல் ஒரு நிலப்பரப்பையும் குறிக்கிறது. அந்நிலப்பரப்பில் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்தையும் குறிக்கிறது. நிலத்தை வைத்துத் தேடுபவர் ஒரு கவிஞரையும் மக்களை வைத்துத் தேடுபவர் வேறொரு கவிஞரையும் கண்டடைவர். இரு கட்டுரைகளும் முரண்படுவதன் காரணம் அதுவே. ஆகவே நான் வேறொரு கேள்வியை முன்வைத்து இவர்களின் வாழ்க்கையைப் பார்க்க விரும்புகிறேன். பாடியவர் யாரைத் தம் எதிரில் நிறுத்திக்கொண்டு பாடினார்?

அச்சில் வந்தவற்றுள் மிகப் பழையதிலிருந்து தொடங்கலாம். 1869ஆம் ஆண்டில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி யாழ்ப்பாணத்தில் அச்சாகி வெளிவந்தது. அவர் கோப்பித் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். கோப்பிப் பயிர்ச்செய்கையை விவரித்தும் புகழ்ந்தும் செல்லும் இந்நூல், பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மி மெட்டை எடுத்துக்கொண்டு, தோட்டத்தை நடத்துபவரின் நோக்கில் நின்று பேசுகிறது. இதில் ஒரு விந்தையும் உண்டு. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத் துருநோய் முதன்முதலாக இத்தீவில் அடையாளம் காணப்பட்டதும் அதே 1869ஆம் ஆண்டில்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டிருந்தார். கோப்பியின் புகழைப் பாடிய கும்மி அச்சேறிய வேளையில் அதன் பாட்டுடைத் தலைவனுக்கு மரண நோய் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

அதே கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பாட்டு ஒன்று இன்றும் வழங்குகிறது. கோணல் மாணலான மலையில் ஏறிப் பழம் பறிக்கும்போது ஒரே ஒரு பழம் கை தவறிவிட்டதற்காகச் சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி நிர்வாகி, உதைத்தான் என்று அது சொல்கிறது. கும்மி தோட்டத்தை மேலிருந்து பார்க்கிறது, இப்பாட்டு உதை வாங்கிய இடத்திலிருந்து பார்க்கிறது. முன்னதை இயற்றியவருக்குப் பெயர் உண்டு, பின்னதைப் பாடியவருக்குப் பெயர் இல்லை. மலையகக் கவிதை வரலாற்றை எழுதப் புகும் எவரும் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின்னரே மேலே செல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் (1866–1918) கண்டி மாவட்டத்தில் தெல்தெனியாவை அடுத்த போப்பிட்டியில் பிறந்தவர். மரபிலக்கணம் கற்றுத் தேர்ந்து, மெய்ஞ்ஞானக் கோவை, கண்டிக் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றியவர். பதிகம், கலம்பகம், கோவை என்று பிரபந்த வகைகளில் கைதேர்ந்த இவரைத் தமிழுலகம் புலவராகவே ஏற்றுக்கொண்டது. பெருந்தோட்டங்களின் நடுவே பிறந்தும், அவர் பாட்டின் முன்னே நின்றவர்கள் இறைவனும் கற்றோர் அவையும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கண்டி என்ற நகரம், தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்களின் வாயில் கூலிக்குப் போகும் சீமையின் பெயராக மட்டுமே இருந்த காலத்தில், அதே நகரைக் கலம்பகத்தின் பாட்டுடைத் தலமாக்கியது சிறிய செயல் அன்று. மலையக மண்ணில் பிறந்த முதல் பெரும் புலவர் என்று அவரைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தோட்ட மக்களின் முதற்கவிஞர் என்று சொன்னால் மட்டும் தயங்குவேன்.

தோட்ட மக்களைத் தம் எதிரில் நிறுத்தி, அவர்களுக்கென்றே செய்யுள் இயற்றி, தம் பெயரையும் இட்டு அச்சிட்டவர் யார் என்று கேட்டால், நான் மீனாட்சியம்மையின் பெயரைச் சொல்வேன். கட்டுரைகள் பலவற்றில் அவர் கோ. நடேசய்யரின் துணைவியார் என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார். இது நியாயமன்று. ஆயினும் அவருடைய பாட்டைப் புரிந்துகொள்வதற்கு நடேசய்யரின் வாழ்க்கையையும் சிறிது விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கோதண்டராம நடேசய்யர் 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தவர். வணிகக் கல்வி போதித்தவர். வர்த்தக மித்திரன் என்ற பத்திரிகையை நடத்தியவர். கணக்குப் பதிவு, எண்ணெய் எஞ்சின் போன்ற நடைமுறைப் பொருள்களில் தமிழில் நூல் எழுதியவர் ஒருவர் தொழிற்சங்கத் தலைவரானது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கூலிக் கணக்கில் நடந்த ஏமாற்று வேலைகளைக் கண்டுபிடிப்பதற்கு அந்தப் படிப்பே அவருக்குக் கைகொடுத்தது என்று நான் கருதுகிறேன். 1915இல் அவர் இலங்கைக்கு முதன்முதலாக வந்தபோது தோட்டங்களுக்குள் நுழைவதற்காகப் புடவை வியாபாரி வேடம் பூண்டு, தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்கள்தோறும் சென்றார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. தோட்டத்துக்குள் துரையின் அனுமதியின்றி வெளியார் காலடி வைக்க முடியாத காலம் அது. உறவினர் வந்தால்கூடக் காரணம் சொல்ல வேண்டும். புடவை மூட்டை சுமப்பவனுக்கு மட்டும் இஸ்தோப்பு என்னும் முன்திண்ணை வரை வழி இருந்தது.

1920இல் அவர் மீண்டும் வந்து இங்கேயே தங்கினார். 1921இல் தேசநேசன், 1924இல் தேசபக்தன் என்று பத்திரிகைகளைத் தொடங்கினார். 1925இல் அன்றைய சட்டமன்றமான சட்டநிரூபண சபையில் உறுப்பினரானார். தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்காவோடு கொழும்புத் தொழிலாளரிடையே பணியாற்றி, 1928இல் அவரோடு கருத்து வேறுபட்டுப் பிரிந்து, 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து, சட்டநிரூபண சபைக்குப் பின்வந்த அரசாங்க சபைக்குத் தெரிவானார். இவ்வளவு செய்தும் அவருக்கு ஒரு பெருந்தடை இருந்தது: அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. தோட்டத்துக்குள் கூட்டம் போடவும் இயலாது. எனவே கடைத்தெருவிலும் பாதையோரத்திலும் நின்று பேச வேண்டும். பேச்சுக்கு ஆள் சேர்க்க வேண்டும். பேசி முடிந்த பிறகும் செய்தி லயத்துக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்றுக்கும் ஒரே கருவி பாட்டுத்தான்.

அந்தக் கருவி மீனாட்சியம்மையின் கையில் இருந்தது. நடேசய்யர் மேடையேறுமுன் அவர் பாடுவார். பாரதியின் பாடல்களைத் தோட்டத் தொழிலாளரின் காதில் விழச் செய்தவர்களுள் அவர் முக்கியமானவர். பத்திரிகைப் பணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1940இல் அவர் இயற்றிய பாடல்கள் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்ற தலைப்பில் சிறு நூலாக வந்தன. தலைப்பைப் பார்த்தால் அரசாங்க அறிக்கையொன்றின் பெயர் போல இருக்கும். உள்ளே இருப்பவையோ, அக்காலத்தில் எல்லோரும் முணுமுணுத்த மெட்டுகளில் அமைந்த பாட்டுகள். மெட்டு தெரிந்திருந்தால் ஒரு முறை கேட்டவுடனே பிடித்துக்கொள்ளலாம், மறுநாள் கொழுந்து மலையில் நிரைக்கு நிரை பாடிக்கொள்ளலாம் என்ற கணக்கு அதில் தெரிகிறது.

அந்த ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலியாக இருந்த இந்திய வம்சாவளியினரை வேலையிலிருந்து நீக்கும் முடிவு நடைமுறைக்கு வந்தது. யூலையில் ஜவகர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். அதே மாதத்தில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. 1940 சனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மீனாட்சியம்மையின் பாட்டு இந்தச் சூழலில் பிறந்தது. அணியிலக்கணத்தை வைத்து அதை அளப்பவர் ஏமாறுவார். அவருடைய சொற்கள் எளியவை, சில இடங்களில் மேடைப் பேச்சின் சாயலும் உண்டு. ஆனால் பாடுபவரும் கேட்பவரும் ஒரே பக்கத்தில் நிற்கும் முதல் அச்சுக் கவிதை அதுவே என்பதால், உங்கள் ஆய்வேட்டில் அவருக்கு ஓர் அடிக்குறிப்பு போதாது. தனி இயல் வேண்டும்.

இனி சி.வி.க்கு வருவோம். தலவாக்கலைக்கு அடுத்த புகையிரத நிலையம் வட்டகொடை. அதைச் சேர்ந்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 செப்டெம்பர் 14ஆம் திகதி சி.வி. வேலுப்பிள்ளை பிறந்தார். தொழிலாளரை மேற்பார்வை செய்யும் கங்காணி வழிக் குடும்பம் என்பதால் தோட்டப் பிள்ளைக்குக் கிட்டாத கல்வி அவருக்குக் கிட்டியது. அட்டன் மெதடிஸ்த கல்லூரியிலும் பின்னர் கொழும்பு நாளந்தாவிலும் படித்தார். இதை மறைத்து அவரைக் கூலி லயத்திலிருந்து நேரே எழுந்துவந்தவர் போலச் சிலர் எழுதுவர். அது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது. காலையில் தொழிலாளர் வேலைக்குத் திரளும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் பக்கத்தில் பிறந்த ஒருவர், கூப்பிடப்படுபவர்களின் பக்கம் வந்து நின்றார் என்பதே அவர் வாழ்க்கையின் முதற்பெரும் திருப்பம்.

இளமையிலேயே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிவிட்டார். விஸ்மாஜினி என்ற இசை நாடகத்தை அவர் எழுதியபோது வயது இருபதைத் தாண்டவில்லை. 1934இல் இரவீந்திரநாத தாகூர் இலங்கைக்கு வந்த சமயம் அந்நூலை அவர் கையிலேயே கொடுத்தார். அந்த நாளில் தாகூரைக் கண்ட இளைஞர் பலரும் நிலவையும் வீணையையும் பாடியே காலம் கழித்தனர். சி.வி.யும் அவ்வழியே போயிருக்கலாம். அவரைத் திருப்பியது அரசியல்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் சார்பில் எழுவர் வென்றனர். நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் சி.வி., நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, பதுளையில் சுப்பையா, அளுத்நுவரவில் இராமானுஜம் ஆகியோர் அவர்கள். அதே தேர்தலில் நடேசய்யர் தோற்றார். புதிய பாராளுமன்றம் கூடி ஒரு மாதம் ஆகுமுன்னர், நவம்பர் 7ஆம் திகதி காலமானார். ஒரு தலைமுறை இறங்கிய படியில் அடுத்த தலைமுறை ஏறிய ஆண்டு அது. ஏறியவர்களுக்கும் அப்படி நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. மக்கள் வாக்கினால் ஒரு மலையகத் தமிழர் மீண்டும் பாராளுமன்றம் செல்ல 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கவிஞர் ஒருவரின் வாழ்க்கையில் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே என்று பொருள்படும் அந்த நெடுங்கவிதை 1950களில் நூலாக வந்தது. அதைப் படிக்கக்கூடியவர் யார்? மடக்கும்புரத்தில் கொழுந்து கிள்ளியவர் அல்லர். பாராளுமன்றத்தில் அவரோடு அமர்ந்திருந்து, அவருடைய மக்கள் இந்நாட்டவர் அல்லர் என்று கையுயர்த்தியவர்களும், அவர்களுடைய நாளிதழை வாசித்தவர்களும், துரைமார்களும்தான் ஆங்கிலம் அறிந்தவர்கள். மீனாட்சியம்மை லயத்தைப் பார்த்துப் பாடினார் என்றால் சி.வி. அதிகாரத்தைப் பார்த்துப் பாடினார். பாட்டைக் கேட்க வேண்டியவனுக்கு எந்த மொழி தெரியுமோ அந்த மொழியில் பாடியதை மொழித் துரோகம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேலும், இன்னது நியாயம் என்று அக்கவிதை வாதாடுவதில்லை. விடிவதற்கு முன் லயத்தில் தப்புப் பறை ஒலிப்பதில் தொடங்கி, பனியில் மலையேறுவதும் கொழுந்து நிறுப்பதுமாக ஒரு நாளைக் காட்டிக்கொண்டே போகிறது. இம்மண்ணுக்குத் தம் உடலையே உரமாக்கியவர்கள் தேயிலைச் செடியின் அடியில் புழுதிக்குக் கீழே புழுதியாகக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு நடுகல்லோ நினைவுப் பூவோ இல்லை என்று சொல்லுமிடத்தில்தான் குரல் தழுதழுக்கிறது. குடியுரிமைக்குச் சான்று கேட்ட சட்டத்துக்கு, மண்ணுக்குள் கிடக்கும் சான்றை எடுத்துக் காட்டுவது போன்ற வாதம் அது. சட்டசபையில் எடுபடாத வாதம் கவிதையில் எடுபட்டது.

அக்கவிதை தமிழுக்கு வந்த வழியும் சுவையானது. ஓவியரும் கவிஞருமான சக்தீ அ. பாலஐயா அதைத் தமிழாக்கித் தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் 1969இல் நூலாக வெளிவரச் செய்தார். சொல்லுக்குச் சொல் என்ற மொழிபெயர்ப்பு அன்று. மூலத்தின் கட்டற்ற நடை தமிழில் ஓசை நிறைந்த யாப்பாக மாறியிருக்கிறது. மூலம் அடங்கிப் பேசும் சில இடங்களில் தமிழ் சற்று உரத்துப் பேசுகிறது என்பது என் கணிப்பு. ஆனால் மலையகத்துப் பள்ளிப் பிள்ளை சி.வி.யின் கவிதை என்று ஒப்புவிப்பது பாலஐயாவின் தமிழைத்தான். ஆகையால் சி.வி.யைத் தமிழ்க் கவிஞர் என்று நிறுவுவதற்கு நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. அவர் மலையகக் கவிஞர், ஆங்கிலத்தில் எழுதியவர், அக்கவிதையைத் தமிழ்க் கவிதையாக்கியவர் இன்னொருவர். மூன்றையும் உள்ளபடியே எழுதினால் போதும்.

தமிழில் சி.வி. யார் என்று கேட்டால், உரைநடைக்காரர் என்றே சொல்வேன். வீடற்றவன் 1981இலும் இனிப் படமாட்டேன் 1984இலும் நூலாயின. தோட்டத்து மாந்தரை ஆங்கிலத்தில் சித்திரித்த கட்டுரைத் தொகுப்பு ஒன்றும் 1970இல் வந்தது. தொழிற்சங்கத்தில் இருந்துகொண்டே, மாவலி என்ற இதழையும் நடத்தினார். 1984 நவம்பர் 19ஆம் திகதி காலமானார். இந்த நாவல்களில் கதைக்கட்டு தளர்ந்த பக்கங்கள் உண்டு. ஆனால் வேலையிலிருந்து விலகும்போது தரப்படும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வேறு தோட்டம் தேடி அலையும் மனிதனின் நடை, பேச்சு, அச்சம் ஆகியவற்றை அறிய வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றிலும் அவர் செய்த மிகப் பெரிய காரியமாக நான் கருதுவது 1983இல் சென்னையில் வெளிவந்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்ற தொகுப்பைத்தான். ஆங்கிலத்தில் அதிகாரத்துக்குப் பாடியவர், முதுமையில் தம் மக்களின் வாயிலிருந்தே கேட்டு எழுதிக்கொள்ளும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கான தேவையும் அப்போது மிக அவசரமானதாக இருந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, நாடற்றவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. புகையிரதத்தில் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் போனவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு தங்கள் பாட்டுகளையும் எடுத்துச் சென்றார்கள். தாலாட்டு ஒரு தோட்டத்திலும் அதைப் பாடியவள் தமிழ்நாட்டின் கூடலூரிலோ கோத்தகிரியிலோ என்று பிரிந்துபோன நிலையில், எழுதிவைத்தவை மட்டுமே இங்கே தங்கின. எல்லோருக்கும் தெரிந்த இந்தப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்.

தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தவள் பாடியது இது. ஒப்பந்தத்தின்படி திரும்பிப் போனவள் கண்டியையே இழந்த ஊராக நினைத்து இதே சொற்களைப் பாடினாலும் பொருந்தும். இழந்த ஊர் எது என்று பாட்டு சொல்லவில்லை. பாடுபவளே அதை நிரப்பிக்கொள்கிறாள். கவித்திறம் என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

வேறு சிலரையும் நீங்கள் விட்டுவிடக் கூடாது. அவர்களை இங்கே விரித்துப் பேச இடமில்லை. தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷ் (1920–2004) முல்க்ராஜ் ஆனந்தின் நாவலைத் தீண்டாதான் என்றும், ஹோ சி மின்னின் சிறைக் குறிப்புகளைக் கவிதையாகவும் தமிழுக்குக் கொண்டுவந்தார். மலையகத்தின் ஒரு மூலையிலிருந்தபடியே உலகத்தோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். குறிஞ்சித் தென்னவன் தொழிலாளியாகவே இருந்து கவிதை எழுதியவர். லயத்தைப் பார்த்துப் பாடுவதற்கும் லயத்திலிருந்து பாடுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட அவர் உங்களுக்கு உதவுவார்.

இவர்களின் வாழ்க்கை வரலாறு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மனிதரின் உழைப்பால். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த சாரல்நாடன், சி.வி. சில சிந்தனைகள் என்ற நூலை 1986இலும் தேசபக்தன் கோ. நடேசய்யர் என்ற நூலை 1988இலும் எழுதினார். மீனாட்சியம்மையின் பாட்டு நூலைப் பற்றி இன்று நாம் பேச முடிவதற்கும் அவருடைய தேடலே பெருங்காரணம். பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு உதவித்தொகையோ இல்லாமல், ஸ்டோர் வேலை முடிந்த நேரத்தில் சுவடிக்கூடம் தேடிப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டியவர் அவர். 2014இல் காலமானார். அவருடைய நூல்களிலிருந்து செய்தியை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நீங்கள் அதைச் செய்யாதிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் அம்மாயியின் பாட்டுகளைக் கவிஞர் வரலாற்றில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு, சேர்க்கலாம் என்பதே என் விடை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பெயரில்லாத பாட்டாக அவற்றைச் சேர்க்கக் கூடாது. அவர் எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில் பிறந்தார், எந்த வயதில் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்தார், அந்தப் பாட்டை யாரிடம் கேட்டுக் கற்றார், எந்த வேலையின்போது பாடினார், எந்த அடியை அவரே மாற்றிக்கொண்டார் என்பனவற்றைப் பாட்டுக்கு அருகிலேயே எழுதுங்கள். சொல்லை இலக்கணத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். தப்பிச்சு என்றால் தப்பிச்சு என்றே இருக்கட்டும். ஒரே பாட்டை இரண்டு வேறு நாட்களில் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டுக்கும் இடையில் மாறுகிற சொற்களில்தான் பாடுபவர் தெரிவார். தாலாட்டையும் தெம்மாங்கையும் கேட்டவுடன் பாடிவிடுவார். ஒப்பாரிக்கு மட்டும் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவதை நம் மூத்தவர்கள் ஏற்பதில்லை. மாலையில் காம்பரா என்னும் லயத்து அறையை விட்டு வெளியே, லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்திப் பக்கம் அழைத்துச் சென்று உட்கார வைத்து, அவருடைய அம்மா செத்தபோது யார் முதலில் பாடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.